அறுபத்தைந்தாவது போல்ட்டு

பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், கண்ணுகளா. இது ஜோடித்த கதை இல்லை. யாருக்கு நடந்ததோ, அவள் வாயாலேயே கேட்டது.

அவள் வேலை எஃகு துருப்பிடிக்காமலிருக்கத் துத்தநாகம் பூசுவது. பட்டறையில் அவள் பெயரே 'துத்தநாகம்'. அன்று விடுமுறை, ஆனால் அவசர வேலை. கிரேனுக்கான அறுபத்து நாலு போல்ட்டுகளைப் பூசி முடித்தபோது காலை 11.20. அந்தக் கிரேனை ஓட்டுகிறவன் அவளுடைய சொந்தத் தம்பி.

பூசும்போது தொட்டியிலிருந்து ஹைட்ரஜன் எஃகுக்குள் புகுந்துவிடும். மேலே பளபளப்பு, உள்ளே வினை. பாரம் ஏறிய பிறகு ஒருநாள் பட்டென்று ஒடியும். அதை விரட்ட, நாலு மணி நேரத்துக்குள் ஓவனில் வைத்து, இருநூறு டிகிரியில் எட்டு மணி நேரம் சுட வேண்டும்.

முதலாளி ஓவனின் சுவிட்சைக் கீழே தள்ளி அணைத்தார்.

"மூணு மணிக்கு வண்டி வருது. சுட நேரமில்ல. பெட்டியில போட்டு மூடும்மா."

"ஒடிஞ்சிடும் முதலாளி. என் தம்பி ஏறுற கிரேன்."

"உன் தம்பி என்ன யானையா, ஏறினதும் ஒடிய? கட்டு."

அவர் சாப்பிடப் போனார். அவள் எண்ணி எண்ணிப் பெட்டியில் போட்டு மூடினாள். உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி உட்கார்ந்தாள். இருப்புக் கொள்ளவில்லை.

மணி 1.15.

டிக்...

ஓவனிலிருந்துதான். சூடேறும் இரும்பின் சத்தம். போய்ப் பார்த்தாள். சுவிட்ச் கீழேதான் இருந்தது. ஆனால் சூடு காட்டும் முள் அறுபதில் நின்றது.

மணி 1.32.

டிக்... டிக்...

முள் நூற்று நாற்பது.

பெட்டியை வாசலுக்கு இழுத்துவிடலாம் என்று கை வைத்தாள். இலவம்பஞ்சாகத் தூக்கிக்கொண்டு வந்தது. திறந்தாள்.

காலி.

ஓவனின் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்தாள். வரிசைக்கு எட்டாக, போல்ட்டுகள் நின்றன.

கண்ணாடியில் ஆவி படர்ந்தது.

உள்ளேயிருந்து... மூச்சு மாதிரி.

ஓடத்தான் நினைத்தாள். கால் வாசலைத் தாண்டியது. தம்பி முகம் வந்தது. திரும்பி வந்து, ஓவனின் கதவுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

1.40. முள் இருநூறு.

3.05. வண்டிக்காரன் வந்தான். "நாளைக்கு வாப்பா," என்று அனுப்பினாள்.

4.10. முதலாளி குதித்துக்கொண்டு வந்தார்.

"யாரைக் கேட்டு வச்சே?"

"நான் வைக்கல."

"அப்ப உன் தாத்தா வச்சாரா? தள்ளு!"

"எட்டு மணி நேரம் ஆகணும். அதுக்கு முன்னாடி திறக்க விடமாட்டேன். வேலைய விட்டுத் தூக்கினாலும் சரி."

அவர் கை சுவிட்சுக்குப் போனது. கீழேதான் இருந்தது. முள்ளைப் பார்த்தார். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

9.40. முள் தானாக இறங்கியது.

திறந்தார்கள். எண்ணினாள்.

அறுபத்தைந்து.

கடைசியாக நின்றது, துருவேறிய வெறும் போல்ட்டுத் தலை. கழுத்தோடு ஒடிந்தது. அதன்மேல் 17 என்று பொறித்திருந்தது.

முதலாளி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏழு வருசம் முன்னாடி... இதே மாதிரி சுடாம அனுப்பினேன். கிரேன்ல ஒடிஞ்சு தெறிச்சு, கீழ நின்ன எங்க அண்ணன் நெஞ்சுல பாஞ்சது. பதினேழாம் நம்பர் போல்ட்டு. அதுதான் இது."

"எடுத்து இங்கயா வச்சிருந்தீங்க?"

அவர் இல்லையென்று தலையை ஆட்டினார்.

"எடுக்கவே முடியலம்மா. அதோடதான் புதைச்சோம்."