நல்ல சமதரை

போன வாரம் என் அக்கா ஒரு பெரிய ஆபத்திலிருந்து தப்பினாள். மலையிலிருந்து தப்பினாள் என்று சொல்லலாம்... என் யோசனையிலிருந்து தப்பினாள் என்றும் சொல்லலாம்.

அக்கா இருப்பது லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில். விடாத மழை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு மேலே தேயிலை மலையில் நிலம் வெடித்திருக்கிறது என்று போன் வந்ததும் பதுளையிலிருந்து பஸ் ஏறிப் போனேன். கால் உள்ளே இறங்குகிற அளவுக்கு வெடிப்பு. பார்த்த உடனே லயத்து ஆட்களுக்கு வழி சொன்னது நான்தான்.

"கீழ பிள்ளைக்காம்பராவுக்குப் போயிருங்க. அங்க நல்ல சமதரை."

கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற கட்டடம் அது. லயத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஓடையோரம், அகலமான தரை. பார்த்தாலே மனதுக்கு ஒரு தைரியம் வரும். பத்திரிகையில் எழுதுகிறவன் சொல்கிறானே என்று எல்லாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மறுநாள் காலை, மண்சரிவு ஆய்வு செய்யும் அதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்தார். யாழ்ப்பாணத்துப் பெண், முப்பது வயதிருக்கும். மேலே ஏறி வெடிப்பைப் பார்த்துவிட்டு வந்தவர், பிள்ளைக்காம்பரா மேசையில் லேப்டாப்பைத் திறந்தார்.

திரையில் எங்கள் மலை. விமானத்திலிருந்து அளந்ததாம் — மரம், தேயிலை எல்லாவற்றையும் கழித்துவிட்டு நிலத்தின் மேடு பள்ளத்தை மட்டும் காட்டுகிறது. அதன்மேல் ஓடை, ரோடு, வீடு என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். எங்கள் தலைக்கு நேர் மேலே, குதிரை லாடம் மாதிரி ஒரு வளைவு. தேயிலை மூடியிருந்ததால் யார் கண்ணிலும் படாத வளைவு. அதற்குக் கீழே, வழிந்து பரவிய மாதிரி ஒரு தரை. நாங்கள் நின்றுகொண்டிருந்த தரை.

அக்கா கேட்டாள்: "வெடிச்சது லயத்துக்கு மேலதானே மிஸ்? இங்க சமதரையாத்தானே இருக்கு?"

"சமதரையா இருக்கிறதுதான் அக்கா எனக்குப் பயம். முந்தி ஒருக்கா மலை சரிஞ்சு வந்து நிரம்பின மண் இது. அதிலதான் நீங்கள் நிக்கிறியள்."

படத்தை மட்டும் நம்பி அவர் சொல்லவில்லை. என்னையும் அக்காவையும் கூட்டிக்கொண்டு கட்டடத்துக்குப் பின்னால் போனார். அங்கே ஓர் ஊற்று, எப்போதும் கண்ணாடி மாதிரி வரும். அன்றைக்குப் பால் டீ நிறத்தில் வந்துகொண்டிருந்தது; உள்ளே மண் நகர்கிறது என்று அர்த்தமாம். அதைக் கண்டதும் அதிகாரியின் நடை வேகமானது.

மலையின் முதுகில், பாறைமேல் இருக்கும் கோயில் மண்டபத்துக்கு எல்லாரையும் போகச் சொன்னார். லயத்துக்கும் திரும்பக் கூடாது. முணுமுணுப்பு கிளம்பியது. கிளம்பாதா? இரண்டு நாளில் இரண்டாவது தடவை மூட்டை கட்ட வேண்டும். அடுப்பில் சோறு வேறு பாதி வெந்திருந்தது.

நான் மறுபேச்சுப் பேசவில்லை என்று எழுதத்தான் ஆசை. பேசினேன். நாளைக்குப் போனால் போதாதா என்று கேட்டேன். குரலை உயர்த்தாமல், "இண்டைக்கே போங்கோ" என்றார். அக்கா பாதி வெந்த பானையை அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தாள்.

அடுத்த நாள் காலை பத்து மணியிருக்கும். லொறி கல்லைக் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம். மண்டப வாசலிலிருந்து பார்த்தோம். பிள்ளைக்காம்பராவின் பாதிச் சுவரைக் காணோம். அந்த அகலமான தரை முழுக்கச் சேறு.

அக்கா ஆட்களை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். கைக்குழந்தை வரை எல்லாரும் இருந்தார்கள். நான் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மனசுல வச்சுக்காத. நாங்களும் சமதரைன்னுதானே வந்தோம்."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதிகாரிக்குப் போன் போட்டேன். நன்றி சொல்லத்தான். எல்லாரும் மேலேதானே இருக்கிறார்கள் என்று அவரே முந்திக்கொண்டு கேட்டார். ஆமாங்க என்றேன். அந்தப் பக்கம் பெரிய மூச்சு ஒன்று கேட்டது. அவ்வளவு நேரமும் அவருக்கும் பயம் இருந்திருக்கிறது!

சின்ன வயதிலிருந்து பார்த்த மலை. பார்த்துப் பழகியதைத் தெரிந்ததாக எடுத்துக்கொண்டேன். நம்மில் எத்தனை பேர் அப்படி?

இப்போதெல்லாம் யாராவது யோசனை கேட்டால் "தெரியாது" என்று சொல்லிப் பழகுகிறேன். பத்தி எழுதுகிறவன் வாயில் அந்த வார்த்தை வருவதுதான் கொஞ்சம் கஷ்டம்...