எங்கள் மேசைப் பாடு

அந்தப் பிரஷர் குக்கரை நினைத்தால் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வரும். ஆரம்பாக்கத்துக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த இறால் உரிக்கும் ஷெட்டில், எங்கள் மேசைக்கு வந்த முதல் பரிசு அது. அட்டைப்பெட்டியின் மேல் ரிப்பன் சுற்றி, சூபர்வைசர் சார் அதை ஈரத் தரையில் வைக்க மனசில்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். மாதத்தில் அதிக எடை உரித்தவளுக்குப் பரிசு, சுவரில் போட்டோ, பெயர். அதற்குப் பெயர் இன்சென்டிவ். எங்கள் அத்தை அந்தச் சொல்லை வாயில் போட்டு இரண்டு தடவை மென்றுவிட்டு, "இஞ்சித் தீவா? அது எங்கடி கீது, பசியாவரத்துக்கு அப்பாலயா?" என்றாள். பசியாவரம் எங்கள் ஏரிக்குள் நிஜமாகவே இருக்கிற தீவு. ஷெட்டே சிரித்தது. அன்றிலிருந்து எங்களுக்கு அது இஞ்சித் தீவுதான்.

அத்தை என் நைனாவின் தங்கை. ஊரே அஞ்சும் வாய். மாமா ஆந்திராப் பக்கம் வேலைக்குப் போனவர் போனவர்தான், திரும்பி வரவில்லை. அதற்காக அத்தை அழுது நான் பார்த்ததில்லை, திட்டித்தான் பார்த்திருக்கிறேன். ஏரிக்கரையில் வலை பிரிக்கும்போது அவளுக்குக் கெளுத்தி முள் குத்திச் சீழ் வைத்ததில், வலது ஆள்காட்டி விரல் மடங்கியபடியே நின்றுவிட்டது. இறால் தலையைக் கிள்ளி, ஓட்டை உருவி, முதுகு நரம்பை இழுக்க அந்த விரல்தான் வேண்டும். ஆகையால் எங்கள் மேசையிலேயே மெதுவான கை அவளுடையது. வேகமான கை என்னுடையது. பக்கத்துப் பக்கத்தில் நின்று வேலை செய்தோம். நான் உரிக்க உரிக்க அவள் பேசுவாள்.

பரிசு வந்ததும் ஷெட்டுக்கு ஒரு களை வந்தது. பொய் சொல்லக் கூடாது, எனக்கும் வந்தது. பிளஸ் டூவில் தேறாத என்னைப் பார்த்து அதுவரை யாரும் 'நல்லா பண்றியே' என்று சொன்னதில்லை. சுவரில் என் போட்டோவை மாட்டிய அன்று, வேனை விட்டு இறங்கியதும் சுண்ணாம்புக்குளம் கடைத்தெருவில் நான் நடந்த நடையை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. எடைக் கணக்கு எழுதும் பலகையில் எங்கள் மேசை லீடர் அக்காவின் பெயர் இரண்டாவதாக வந்ததும் அவள் புருஷன், ஒரு டம்ளர் கழுவி அறியாத மனுஷன், காலையில் அடுப்பு மூட்டி டிபன் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். உழைத்தவளை உழைத்தவள் என்று நாலு பேர் அறியச் சொல்வதில் இவ்வளவு இருக்கிறது. இதை இல்லை என்று சொல்கிறவர்கள் ஈரத் தரையில் நாள் முழுக்க நின்றிருக்க மாட்டார்கள்.

ஆனால் கொஞ்ச நாளில் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை என்று கவனித்தேன். குடித்தால் கக்கூஸ் போகவேண்டும், போனால் ஒரு டிரே போச்சு. நீர்க்கடுப்போடு பல்லைக் கடித்துக்கொண்டு உரித்தார்கள். விரல் இடுக்கு வெந்து வெள்ளையாகிப் போனாலும் கையுறைக்குள் மறைத்தார்கள். ஓரகத்திகள் இருவர் எதிரெதிரே நின்று பேச்சை நிறுத்தினார்கள், ஒருத்தியின் டிரே இன்னொருத்தியின் கணக்கில் ஏறிவிட்டதாம். இத்தோடு விட்டார்களா? பலகையில் ஒவ்வொரு மேசையிலும் தொடர்ந்து கடைசியில் இருக்கும் பெயரை வேலையை விட்டு நிறுத்துவோம் என்று இன்னொரு அறிவிப்பும் வந்தது. எங்கள் மேசையில் அந்தப் பெயர் யாருடையது என்று பலகையைப் பார்க்காமலே தெரியும். அத்தைக்கு அந்த மேசையை விட்டால் வேறு சோறு இல்லை. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவளோ இறாலைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ யோசித்தபடி நின்றாள்.

எங்கள் ஊர் மீன்பிடிக்காரர்கள், ஏரியில் எந்த இடத்தில் யார், எந்த நாள் வலை போடுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். இன்று உன் பாடு என்றால் அந்த இடம் உனக்கு, கில்லாடியானாலும் மற்றவன் அங்கே வலை இறக்கக் கூடாது. ஆனால் பாடு ஆம்பளைகளுக்குத்தான். பெண்ணாகப் பிறந்தவளுக்கு ஏரியில் பாடு கிடையாது.

"அவுங்களுக்கு ஏரில பாடு. நமக்கு மேசையில பாடு போட்டுக்குவோம்மே," என்றாள் அத்தை ஒருநாள், வேனில் வைத்து. "மாசத்துக்கு ஒருத்தி. யார் பாடோ அவ டிரேல ஆளுக்குக் கொஞ்சம் தள்ளுங்க. மீதிப் பேரு எல்லாரும் ஒரே மட்டமா இருங்க. கடைசின்னு எவளும் இருக்க மாட்டா."

"சூபர்வைசருக்குத் தெரிஞ்சா?" என்றாள் லீடர் அக்கா.

"தெரிஞ்சா இன்னா, எறால் குறைஞ்சுதா? எடை குறைஞ்சுதா?"

சிகரெட் அட்டையைக் கிழித்துப் பெயர் எழுதி, நான் ஜெயித்த அந்தக் குக்கருக்குள் போட்டே குலுக்கினோம். முதல் பாடு லீடர் அக்காவுக்கு விழுந்தது. அவள் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பிறகு மாதம் ஒரு முகம் சுவரில் ஏறியது. தண்ணீர் குடித்தோம். பாட்டுப் பாடினோம். ஓரகத்திகள் பேசிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால் மேசையின் மொத்த எடை ஏறியது. சண்டை போடும் நேரம் மிச்சமாயிற்றே!

அத்தையின் பாடு வந்த மாதம்தான் விதி விளையாடியது. அவள் போட்டோ சுவரில் ஏறிய மறுநாள் முதலாளி வந்தார். வேறொரு ஊரில் புது ஷெட்டு திறக்கிறாராம். அங்கிருக்கும் பெண்களுக்குக் காட்ட, முதலிடம் வந்தவள் உரிப்பதை செல்போனில் வீடியோ எடுக்க வேண்டுமாம். சூபர்வைசர் சார் வாயெல்லாம் பல்லாக ஒரு புது டிரேயைக் கொண்டுவந்து அத்தையின் முன்னால் வைத்தார்.

"அக்கா, சாருக்கு உங்க வேகத்தக் காட்டுங்க."

எங்கள் ஏமாற்று வெளிப்பட்டால் மேசை மொத்தமும் வீட்டுக்குப் போகும். அத்தை ஒரு இறாலை எடுத்தாள். தலையைக் கிள்ளினாள். மடங்கிய விரல் வழுக்கியது. மறுபடி பிடித்தாள். முதலாளி போனைத் தாழ்த்திவிட்டு அவள் விரலையே பார்த்தார். நான் உரித்ததைப் பக்கவாட்டில் நைசாகத் தள்ளப் போனேன், அத்தை முழங்கையால் என் கையைத் தட்டிவிட்டாள். சூபர்வைசர் சாருக்கு ஷெட்டின் ஐஸ் குளிரிலும் நெற்றி வேர்த்தது.

அத்தை இறாலைக் கீழே வைத்தாள்.

"சார், இந்த எடை என் கை உரிச்சது இல்ல. மேசை உரிச்சது. நான்தான் பாடு போடச் சொன்னேன், இவுங்க மேல தப்பு இல்ல. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். முதலாளி கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கைதட்டும் சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். "இதுதான்யா டீம் ஒர்க்!" என்று சூபர்வைசரின் முதுகில் தட்டினார் அவர். "இனிமே தனி ஆளுக்குப் பரிசு வேணாம். மேசைக்குக் குடு. எந்த மேசை ஜாஸ்தியோ, மேசைக்கே பரிசு!"

நாங்கள் கத்திய கத்தலில் தகரக் கூரை அதிர்ந்தது. அத்தையைக் கட்டிப் பிடித்து ஆடினோம். அவள் கண் கலங்கியதை அன்று ஒரு தடவைதான் பார்த்தேன். "ஐயே, வுடுங்கடி, ஏப்ரன்ல தண்ணி," என்று எங்களைத் தள்ளிவிட்டாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம், அவளும் நினைத்தாள்.

இப்போது நான் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் லைன் லீடர். போன வாரம் மீட்டிங்கில் ஒரு தம்பி திரையில் படம் காட்டி, ஊக்கத்தொகையைத் தனி ஆளுக்குக் கொடுப்பதை விடக் குழுவுக்குக் கொடுத்தால் ஒற்றுமை வளரும் என்று விளக்கினான். நல்ல பையன், மனசறிந்து பொய் சொல்லவில்லை. குழுவுக்குக் கொடுத்தால் ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக்கொடுப்பாள், உண்மைதான். கூட நிற்பாள், அதுவும் உண்மை. ஆனால் பரிசு எங்கள் கையில் சுற்றிவந்தவரை மெதுவான கை எங்களுக்குச் சொந்தக்காரியாக இருந்தது. பரிசு அடுத்த மேசையோடு போட்டி என்றானதும் அதே கை எங்களுக்குப் பாரமாகிவிட்டது. இதை அந்தத் தம்பிக்கு எந்தப் படத்தில் காட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை.

மேசைக்குப் பரிசு என்றான முதல் மாதம், பின்சுவரோரம் இருந்த மேசை ஜெயித்தது. அடுத்த மாதமும் அவர்கள்தான். யாரும் அத்தையை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அக்கா, நீ ஐஸ் அள்ளிப் போடேன்," என்றார்கள். "அக்கா, நீ டிரே கழுவேன்," என்றார்கள். பாட்டு நின்றது. மறுபடியும் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. அத்தை எப்போதும்போலப் பேச, பதில் சொல்ல ஆளில்லாமல் அவள் பேச்சும் குறைந்தது. என்னிடம் மட்டும் வேனில், "கை கொஞ்சம் தேவலாண்டி, வேகம் வருது," என்பாள். வரவில்லை.

அடுத்த மாதப் பிறப்பன்று, மேசைகளைப் புதிதாகப் பிரிக்கிறோம் என்றார் சூபர்வைசர் சார். லீடர்கள் ஆளுக்கு ஒருத்தியாகக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளலாம். கபடிக்கு ஆள் பிரிப்பதைப் போல நாங்கள் சுவரோரம் நின்றோம். எங்கள் லீடர் அக்கா முதலில் என்னைக் கூப்பிட்டாள். பெயர்கள் ஒவ்வொன்றாகப் போயின. சுவரோரம் கூட்டம் மெலிந்தது. எடுத்த ஒவ்வொருத்தியும் பெருமூச்சு விட்டுக்கொண்டு மேசைக்கு ஓடினாள். கடைசியில் அத்தையும், முந்தின வாரம் வேலைக்குச் சேர்ந்த ஒரு பெண்ணும் நின்றார்கள். அந்தப் பெண்ணுக்குக் இறால் தலையைக் கிள்ளக்கூட வராது. கூப்பிடும் முறை எங்கள் லீடர் அக்காவுடையது. அவள் தரையைப் பார்த்தாள். பிறகு அந்தப் புதுப் பெண்ணைக் கைகாட்டினாள்.

நான் மேசையை விட்டு ஒரு அடி எடுத்து வைத்தேன்.

"நின்ன எடத்துலயே நில்லுடி," என்று அத்தை அதட்டினாள். "எங்கண்ணன் வூட்ல அடுப்பு எரியணும்."

"ஆள் ஜாஸ்தியா கீது அக்கா, நாளைக்கிப் பாக்கலாம்," என்றார் சூபர்வைசர் சார், கொஞ்சம் கூச்சத்தோடு. அத்தை அவரைப் பார்க்கவே இல்லை. ஏப்ரனை அவிழ்த்து உதறி ஆணியில் மாட்டினாள். தொப்பியைக் கழற்றி முடியை அள்ளிச் செருகினாள். எங்கள் மேசைக்கு முன்னால் வந்து நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"நாளைக்கி யாரோட பாடுமே?" என்று கேட்டாள்.

அவள் பின்கதவு வழியாக வெளியே போனாள். இறால் பெட்டிகளைக் கொண்டுவந்து கொட்டியதும் வேலை ஆரம்பித்தது. தலை குனிந்து உரித்துக்கொண்டே நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒவ்வொருத்தியும் பக்கத்தில் நின்றவளின் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.