ஸ்ரனிஸ்லாஸின் வலது முழங்கால்

கொட்டாஞ்சேனை ஸ்ரனிஸ்லாஸைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது லேசில்லை என்று ஒரு காலத்தில் கொழும்பு உதைபந்தாட்டக் கழகங்களெல்லாம் சொல்லும். கோல் போட்டவனைத்தான் தோளில் தூக்குவார்கள். தடுத்தவனின் பெயர் பேப்பரில்கூட வராது. அதற்காக அவர் சலித்துக்கொண்டதில்லை. தேசிய அணிச் சட்டையை ஒருநாளாவது போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை.

அந்தச் சட்டை கைக்கெட்டும் நேரத்தில்தான் வலது முழங்கால் பிசகியது.

"காலு நல்லாகட்டும், ஒன்ட எடத்த நான் வெச்சிருக்கேன்" என்றார் பயிற்சியாளர் அலவி மாஸ்டர்.

மனைவி யூஜினா அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தாள். கால் சுகமானால் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை அவர் முழங்காலில் வருவாராம். நேர்த்தி அவளுடையது, முழங்கால் அவருடையது. அவரை ஒரு வார்த்தை கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கால் சுகமானது போலத்தான் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, அத்தனை சனத்துக்கு நடுவே முழங்காலில் போனார். பாதி வழியில் உள்ளே ஏதோ அறுந்தது. பக்கத்தில் யூஜினா மெழுகுதிரியோடு ஆனந்தக் கண்ணீர் விட்டுக்கொண்டு வந்தாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படி எழும்புவது? பல்லைக் கடித்துக்கொண்டு பீடம்வரை போய்விட்டார்.

அடுத்த பயிற்சியில் அவரால் ஓடித் திரும்ப முடியவில்லை. இடம் வேறொருவனுக்குப் போனது. வீட்டுக்கு வந்து, "அலவி மாஸ்டர் தனக்கு வேண்டிய ஆளைப் போட்டுட்டார்" என்று சொல்லிவைத்தார். பாவி மனுசன். மனைவியின் பக்தியைக் காப்பாற்ற ஒரு நல்ல மனிதரின் பெயரைக் கெடுத்தார்.

கால் எப்படி என்று விசாரிக்க அலவி வந்த அன்று, யூஜினா அவரை வாசலிலேயே நிற்கவைத்து, "அவர் இல்லை" என்று அனுப்பினாள். உள்ளே கட்டிலில் கிடந்து ஸ்ரனிஸ்லாஸ் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்திருக்கலாம். வரவில்லை.

பிறகு ஒரு களஞ்சியத்தில் நொண்டி நொண்டி வேலை பார்த்து, ஓய்வும் பெற்றுவிட்டார். போன மாதம் கிராண்ட்பாஸிலிருந்து அலவி மௌத்தான செய்தி வந்தது.

"செத்த வீட்டுக்கு நான் வரமாட்டன். செத்தாலும் அந்த மனுசன மன்னிக்க ஏலாது" என்றாள் யூஜினா.

அப்போதுதான் சொன்னார், அந்தோனியார் தந்த காலை அந்தோனியாரிடமே கொடுத்துவிட்டு வந்த கதையை. அவள் அழவில்லை, ஏசவுமில்லை. சேலையை மாற்றிக்கொண்டு வந்தாள்.

"வாங்க, போவம்."

போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவை அடக்கத்துக்கு எடுத்துவிட்டிருந்தார்கள். அலவியின் மகன் புவாத் இருவருக்கும் கதிரை போட்டான்.

"வாப்பா கடைசி வரைக்கும் ஒங்களப் பத்தித்தான் கதைப்பாரு. காலு ஆற முந்தி அவன அவசரப்பட்டு பயிற்சிக்கு எறக்கிட்டேன், அவன்ட காலு போனது என்ட பிழை எண்டு சொல்லிச் சொல்லி அழுவாரு."

யூஜினா தலை நிமிரவில்லை. அது அவர் பிழையில்லை என்று சொல்ல ஸ்ரனிஸ்லாஸ் வாயெடுத்தார். கேட்க வேண்டியவர் அந்த வீட்டில் இல்லை.