சென்றாயனின் பேன் புட்டிகள்

லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருக்கிறார். சென்றாயன் திரும்பிப் பார்க்கிற ஆளா? நாலு ஊசிமருந்துப் புட்டிகளை ஒவ்வொன்றாக வெயிலில் தூக்கிப் பிடித்து, ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்க்கிறார். ஒவ்வொன்றிலும் அஞ்சு பேன், மகள் செல்லியின் தலையில் எடுத்தது. ஆற்றில் போட்டாலும் அளந்துதான் போடுவார் மனிதர்.

தொப்பூர்க் கணவாயில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். "ஒரே ஓட்டைதாங்க, ஆணி குத்தினதை நானே பாத்தேன்" என்று டிரைவர் சத்தியம் செய்தாலும், டியூப் முழுவதையும் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழியைப் பார்த்தால்தான் ஒத்துக்கொள்வார். டீக்கடைப் பால், பஸ் வரும் நேரம், ரேடியோ சொல்லும் மழை என்று எதையும் நம்பினதில்லை.

செல்லியைப் பத்து நாளாக டீச்சர் தனிப் பாயில் உட்கார வைத்திருக்கிறார். சத்துணவுத் தட்டும் தனியாகத்தான். திங்கட்கிழமைக்குள் தலை சுத்தமாகாவிட்டால் வரவேண்டாம் என்று சொல்லியாயிற்று. மொட்டை அடித்தால் அரை மணி வேலை. ஆனால் அது தீர்த்தமலைச் சாமிக்கு நேர்ந்த முடி. ரெண்டு வயதில் பிள்ளைக்கு ஜுரத்தில் கண் செருகினபோது அவர் மனைவி முனியம்மாள் வேண்டிக்கொண்டது: ஏழு வயது முடிகிற மாசியில்தான் முடி இறக்க வேண்டும், அதுவரை கத்தியோ கத்திரியோ படக்கூடாது. மாசிக்கு இன்னும் அஞ்சு மாதம். அதனால்தான் இந்தப் புட்டிப் பரீட்சை.

முதல் புட்டியில் மண்ணெண்ணெய். பேன் உடனே மல்லாந்துவிட்டது. ஆனால் தன் பிடரியில் தடவிப் பார்த்ததில் தோல் வெந்துபோனது. "அடுப்பாண்ட திரியற புள்ள தலையில இதையா ஊத்தறது?" என்று ஒதுக்கிவிட்டார். இரண்டாவதில் சித்தேரி மலை மூலிகைக்காரர் தீர்த்தன் கொடுத்த சீதாப்பழக்கொட்டைப் பொடி. இடிக்கும்போது தெறித்ததற்கே அவர் கண் மூன்று நாள் சிவந்து கிடந்தது. மூன்றாவதில் மருந்துக்கடை லோஷன். "ஒரே குளிப்புல போயிருங்க" என்றார் கடைக்காரர். "அப்ப எதுக்குங்க இவ்ளோ பெரிய புட்டி?" என்று இவர் கேட்டதில் அவருக்குக் கோபம். நாலாவது சும்மா புட்டி, மருந்தில்லாமல் பேன் என்ன ஆகிறது என்று பார்க்க.

மறுநாள் பார்த்தால் மருந்து போட்ட மூன்றிலும் பேன் செத்துக் கிடந்தது. சும்மா புட்டியிலும்தான். குடிக்க ரத்தம் இல்லாமல் தானாகவே செத்திருக்கிறது. "அப்ப மருந்துல செத்தது எது, பட்டினியில செத்தது எது?" வாழ்க்கையில் முதல் தடவையாகச் சென்றாயனுக்குத் தன்மேலேயே சந்தேகம் வந்தது.

வேறு வழியில்லாமல் லோஷனையே தடவினார்கள். பேன் போயிற்று, ஈர் போகவில்லை. திங்கட்கிழமை பத்து மணிக்கே செல்லி பையோடு கடைக்கு வந்து பழைய டயர்மேல் உட்கார்ந்தாள். "ஈரு இருக்குன்னு டீச்சர் வூட்டுக்குப் போவச் சொல்லிட்டாங்கப்பா." சென்றாயன் முனியம்மாளைக் கூப்பிட்டார்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. முனியம்மாள் ஈரக் கையோடு வந்தாள். மகளின் முடியைத் தொட்டுப் பார்த்தாள். "எடுத்துருங்க. சாமிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

முடிவெட்டும் பச்சியப்பன் வந்து மழித்துவிட்டுப் போனார். மாசியில் மலைக்குக் கொண்டுபோக, முடியை மஞ்சள் துணியில் வாரி வைத்து முனியம்மாள் முடிச்சுப் போடப் போனாள்.

"இரு முனியம்மா. சாமிக்குப் போறது."

துணியை வாங்கி மடியில் விரித்து, பேன்சீப்பை எடுத்து, மழித்த முடியைக் கொத்துக் கொத்தாகப் பிடித்து வாரத் தொடங்கினார் சென்றாயன்.