சரக்கு லிஃப்ட் வழியே ஏறிய புகை

"எம் பொண்ணு நாலு நாளா ஃபேக்டரிய எரிச்சிக்கினு இருக்கா. சாப்பிடக்கூட வர்றதில்ல." ஆம்பூரில் வஹீதாவின் அம்மா ரஃபத் ஜஹான் அந்த வாரம் முழுக்கப் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

எரிந்ததெல்லாம் லேப்டாப்புக்குள்தான். முப்பத்திரண்டு வயது வஹீதா இயற்பியல் படித்துவிட்டு, ஷூ ஃபேக்டரி ஒன்றில் வருகைப் பதிவு எழுதத்தான் முதலில் சேர்ந்தாள். பிறகு தபால் வழியில் தொழிற்சாலைப் பாதுகாப்பு டிப்ளமோ முடித்தாள். தீயணைப்பு சிலிண்டர்களுக்குத் தேதி பார்க்கிற வேலை வந்தது. சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போனபோது, கட்டடத்துக்குள் தீயும் புகையும் எப்படிப் பரவும் என்று கணக்குப் போட்டுப் படமாகவே காட்டும் மென்பொருளைப் பார்த்தாள். இலவசம் வேறு. அன்று திரும்பி வரும் ரயிலில் உட்கார இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை.

அடுத்த நாலு ஞாயிற்றுக்கிழமைகளும் தங்கை ஜோயா டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, வஹீதா ஃபேக்டரியை அளந்தாள். கதவு, ஜன்னல், படி எதையும் விடவில்லை. கணக்கில் மொத்தக் கட்டடமும் உள்ளங்கை அளவு கட்டங்களாகப் பிரிந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எந்தப் பக்கம் போகிறது, சூடு எவ்வளவு, புகை எவ்வளவு என்று லேப்டாப் விநாடி விநாடியாகக் கணக்குப் போட வேண்டும். அதற்குத்தான் நாலு நாள். சூடு தாங்காமல் லேப்டாப் முனகியது. டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு, வீட்டில் எல்லோரும் வியர்த்தார்கள்.

ஐந்தாம் நாள் படம் வந்தது. கீழ்த்தளத்தில் பசை ஒட்டும் இடத்தில் தீ. புகை நேராகச் சரக்கு லிஃப்டின் பொந்துக்குள் புகுந்து மேலேறி, பக்கத்திலிருந்த பின்படிக்கட்டை நிரப்பியது. மேல்தளத்தில் தைக்கும் இருநூறு பெண்களையும் ஒவ்வொரு தீ விபத்து ஒத்திகையிலும் அந்தப் படி வழியாகத்தான் இறக்குவார்கள். முன்படிக்கட்டு ஆபீசுக்கு வரும் பெரிய மனிதர்களுக்கு மட்டும்.

வஹீதா படத்தை மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். பயம் பாதி, கண்டுபிடித்துவிட்ட குஷி பாதி.

மேனேஜர் பஞ்சாட்சரம் படத்தை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கும்மா. ஆனா கம்ப்யூட்டரு நம்ம ஃபேக்டரிக்குள்ள வந்து பாத்துச்சா?" என்றார்.

"நீங்க வந்து பாருங்க சார். ஞாயித்துக்கிழமை நெஜப் புகைய விட்டுக் காட்றேன்."

புகைக்கு அவள் பிடித்த ஆள் தபரேஸ். கல்யாண மேடையில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் சுற்றி மெஷினில் புகை விடுகிறவன். ஃபேக்டரிக்கெல்லாம் அவனை யாரும் கூப்பிட்டதே இல்லை. வெள்ளைச் சட்டையும் அத்தருமாக வந்து நின்றான். மெஷின் புகை சூடில்லாதது, தானாக மேலே ஏறாது. அதனால் பசை டப்பாக்களை எல்லாம் வெளியேற்றி, தீயணைப்பு நிலையத்து ஆட்களைப் பக்கத்தில் நிறுத்தி, தண்ணீர்த் தட்டுக்குள் சின்னத் தட்டு வைத்து ஸ்பிரிட் கொளுத்தினார்கள். அந்தச் சூட்டோடு சேர்ந்து மெஷின் புகையும் மேலேறும். இந்தச் சின்னத் தீக்கும் வஹீதா தனியாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். புகை பின்படிக்கட்டின் மேல்படிக்கு வர இரண்டு நிமிடம் பத்து விநாடி ஆகும்.

பஞ்சாட்சரம் அந்த மேல்படியிலேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஒரு நிமிடம் ஆயிற்று, ஒன்றுமில்லை. ஒன்றரை ஆயிற்று. அவர் வஹீதாவைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சிரித்தார். இரண்டு நிமிடம் நாலு விநாடியில் லிஃப்ட் கதவின் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. அடுத்த சில விநாடிகளில் முதலில் அவர் கண்ணாடி மறைந்தது, பிறகு அவரே மறைந்தார். கல்யாணப் புகை என்பதால் ஸ்ட்ராபெரி வாசனை தூக்கியது. "கைப்பிடி எங்கம்மா?" என்று மட்டும் உள்ளிருந்து குரல் வந்தது. வஹீதாவும் ஜோயாவும் சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டே போய் அவரை முன்படி வழியாக இறக்கிக் கூட்டிவந்தார்கள்.

கீழே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டவர், "ஆறு செகண்டுதான் வித்தியாசம், இல்ல?" என்று கேட்டார். மறுநாளே முன்படிக்கட்டின் கதவை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்குள் லிஃப்டைச் சுற்றிச் சுவரும் தீ தாங்கும் கதவும் வந்தன.

புது ஒத்திகை நடந்த அன்று மணி அடித்ததும் இருநூறு பெண்களும், இதுவரை கால் வைக்க விடாத அந்தப் பளிங்குப் படியில் இறங்கினார்கள். மூன்றே நிமிடம். சாப்பாட்டு மணி அடித்தால்கூட அப்படி இறங்கமாட்டார்கள். இருபது வருடமாகத் தைக்கிற ராஜம்மாள் வாசலில் மூச்சு வாங்க நின்று, படியைத் திரும்பிப் பார்த்தார். பிறகு வஹீதாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, இன்னொரு வாட்டி எறங்கிப் பாக்கலாமா?"

வஹீதா ஸ்டாப்வாட்சை மறுபடி சைபருக்குத் திருப்பினாள்.