காட்டேரி சாகும்வரை

பிற்பகல் மூன்றேகாலுக்குக் காட்டேரி என்னைக் கடித்தது. மகனின் அறையில் பகடை உருளும்போதெல்லாம் அந்த நேரம்தான் நினைவுக்கு வருகிறது.

எண்பதுகளில், சிலிம் ரிவர் பக்கம் எங்கள் தோட்டத்தில், ரப்பர் ஷீட்டைப் புகைபோடும் கொட்டகையின் பின்னால் விளையாடினோம். ஈப்போவிலிருந்து வந்த சித்தி மகன் கணேசன் கதை சொல்வான். அந்தக் கதையில் காட்டேரியோடு சண்டையிடும் வீரர்கள் நானும் அண்ணனும். எங்கள் அடி அதன்மேல் பட்டதா என்று பகடை சொல்லும். காட்டேரியிடம் கடிபட்டவர் அது சாகும்வரை பேசாமல் படுத்திருக்க வேண்டும். பேசினால் அதன் அடிமையாகி நண்பர்களையே கடிக்க வேண்டும்.

படுத்திருந்த எனக்குப் புகையில் மூச்சிழுப்பு வந்தது.

"பொறு பாப்பா, அதக் கொன்னுருவேன்லா," என்றான் அண்ணன். பகடை தவறிக்கொண்டே இருந்தது.

"என்னமா நடிக்கிறா பாரு!" என்று கணேசன் சிரித்தான்.

அண்ணனைக் கடிக்க எனக்கு மனமில்லை. வாயை இறுக மூடிக்கொண்டேன்.

அப்பா சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தூக்கினார். "என்னம்மா செய்யுது? பேசும்மா!"

நான் தலையை மட்டும் ஆட்டினேன். அப்போதுதான் அண்ணனுக்குப் புரிந்தது. பகடையை வீசி, என்ன விழுந்தது என்று பார்க்காமலே அலறினான்: "செத்துப்போச்சு பாப்பா! காட்டேரி செத்துப்போச்சு, வாயத் தொற!"

மகனின் அறையில் இப்போது சத்தமில்லை. கதவைத் தட்டி அவனைக் கூப்பிடுகிறேன்.

"ஐயா, ஏதாவது பேசுய்யா."