கிருத்திகை பஜனையில் என் பேஸ் கிட்டார்

தஞ்சாவூர் வாத்தியக் கடைக்கு நான் போனது சுருதிப் பெட்டி வாங்கத்தான். எங்கள் பஜனைக் குழுவின் பழைய பெட்டிக்கு இழுப்பு வந்துவிட்டது. நடுப்பாட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். கடைக்காரர் புதுப் பெட்டியை எடுத்து வர உள்ளே போனார். சும்மா நிற்கிறோமே என்று, சுவரில் தொங்கிய ஒரு கிட்டாரின் தடித்த தந்தியைக் கை போன போக்கில் சுண்டினேன்.

பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆனால் அதன் கழுத்தைப் பிடித்திருந்த இடது கை வழியாக ஓர் அதிர்வு முழங்கை வரைக்கும் ஏறியது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மறுபடியும் சுண்டினேன். மறுபடியும் ஏறியது.

இதில் இவ்வளவு ஆட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். நான் கந்தர்வக்கோட்டைப் பக்கம் மாவு மில் வைத்திருப்பவன். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி. எங்கள் ஊரில் முந்திரித் தோப்பை ஒட்டி ஒரு முருகன் கோயில் இருக்கிறது. மாதாமாதம் கிருத்திகைக்கு அங்கே பஜனை. ஒருவர் முன்பாட்டு எடுப்பார். அவர் ஒரு வரி பாடி நிறுத்தினால், உட்கார்ந்திருக்கும் சனம் அத்தனையும் அந்த வரியைத் திருப்பிப் பாடும். என் மனைவியின் அண்ணன் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டே பாதிப் பாட்டுகளை எடுப்பார். மீதியை நான் எடுப்பேன். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படித்தான்.

பிறகு எனக்குத் தைராய்டு ஆபரேஷன் நடந்தது. உயிர் பிழைத்ததே முருகன் அருள். ஆனால் குரல் தேய்ந்துவிட்டது. பேசலாம்; பாட வாயைத் திறந்தால் காற்றுதான் வரும். மச்சான் என் கையில் ஜால்ராவைக் கொடுத்துப் பின்வரிசையில் உட்காரவைத்தார். நல்ல மனசோடுதான் செய்தார். முருகன் கொடுத்தான், முருகனே எடுத்துக்கொண்டான் என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். எனக்கு மட்டும் அதைச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. சாமிக்கு எதிரே உட்கார்ந்திருந்தும், ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வந்த மாதிரியே ஒவ்வொரு கிருத்திகையும் போனது.

அப்படிப்பட்டவன் கையில் அந்த அதிர்வு ஏறினால் என்ன ஆகும்?

"அண்ணே, அது பேஸ் கிட்டாரு. அதை விட்டுருங்க," என்றார் பெட்டியோடு திரும்பி வந்த கடைக்காரர். "கழுத்தைப் பாருங்க. குறுக்க கம்பி இல்ல. ஃப்ரெட்லெஸ்ஸுனு பேரு. எங்க விரல் வைக்கணும்னு அடையாளமே இருக்காது. அதான் யாரும் எடுக்காம தொங்குது."

"கரண்ட்ல போட்டுக் காட்டுங்க," என்றேன்.

ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டியில் ஒயரைச் செருகித் தந்தார். சுண்டினேன். விரலைத் தந்தியோடு மேலே இழுத்தேன். அந்த ஒலி வெட்டுப்படாமல், ஆள் வாய்விட்டு இழுக்கிற மாதிரியே ஏறிப் போனது. கீழ்ஸ்தாயியில், நெஞ்சு நிறைந்த ஆண் குரல். கடை வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர் திரும்பிப் பார்த்தார்.

"எவ்வளவுங்க?"

சொன்னார். சல்லிசுதான். பெரிய கம்பெனிச் சரக்கு இல்லை என்பதை மறைக்காமலே சொன்னார். சுருதிப் பெட்டியோடு அதையும் கட்டச் சொல்லிவிட்டேன். வாசல்படி இறங்கும்போதுதான் வீட்டில் ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்று நினைவு வந்தது.

பஸ்ஸில் அதை மடியில் படுக்கவைக்கவும் முடியவில்லை, நிமிர்த்தவும் முடியவில்லை. கண்டக்டர் என்னைத் தாண்டிப் போகும்போதெல்லாம் குனிந்தார். "அண்ணே, ஒண்ணு நீங்க எறங்குங்க, இல்ல அத எறக்குங்க," என்றார். நான் சிரித்தேன். அன்றைக்கு அவர் என்ன சொல்லியிருந்தாலும் சிரித்திருப்பேன்.

மனைவி அதைப் பாயில் கிடத்திச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"என்னங்க, ஏமாத்திப்புட்டாங்க. டிவில பாத்திருக்கேன், கழுத்துல ஏணி மாதிரி படிப்படியா இருக்கும். இதுல ஒண்ணையும் காணோமே."

"இது அப்படித்தான். இதுக்குப் படி கெடையாது."

"படி இல்லாம எப்புடி ஏறுவீங்க?"

"சறுக்கித்தான்."

"சறுக்கி ஏறுவாரு! மொளகாய்த் தூள் வாங்க ஆளுக நிக்குது, மொதல்ல மில்லுக்கு ஏறுங்க."

சொன்னாளே தவிர, நான் திரும்பி வருவதற்குள் அதன் தலைமாட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து, சாமி படத்துக்குக் கீழே சாத்தி வைத்திருந்தாள்.

மச்சான் சாயங்காலம் சுருதிப் பெட்டியை வாங்கிப் போக வந்தார். கிட்டாரைக் கண்டதும் நின்றுவிட்டார்.

"மாப்ள, இது எதுக்கு?"

"பஜனைக்கு, மச்சான்."

"நம்மளது பஜனைப்பா, கச்சேரி இல்ல."

"தம்புரா போடுற மாதிரி, கீழ கூடவே வாரேன். எனக்குத்தான் வேற வழி இல்லையே."

அந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டதும் பக்கத்தில் வந்தார். பிறகு தோளில் கை போட்டார். "பாரு மாப்ள, வெளிப்படையாச் சொல்றேன். சுதி ஒரு நூல் தப்புனாலும் வந்திருக்க சனம் வாயை மூடிக்கும். பின்பாட்டு இல்லேன்னா பஜனையே இல்ல. அடுத்த கிருத்திகைக்கு ஒரு பாட்டுக்கு வாசி. சேந்துச்சுன்னா முன்வரிசையில ஒனக்கு எடம். சேரலேன்னா, இத வீட்லயே சாமி படத்துக்கு வாசிச்சுக்க. கோவிச்சுக்கக் கூடாது."

"கோவிச்சுக்க மாட்டேன்," என்றேன். உள்ளுக்குள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு என் நாட்கள் எப்படிப் போயின என்று எனக்கே தெரியாது. மில்லுக்குப் போகுமுன் ஒரு தடவை, சாப்பிட வந்தால் ஒரு தடவை. போனில் தம்புராவை ஓடவிட்டு, நாலு தந்தியையும் மச்சான் பாடுகிற ஒன்றரைக் கட்டைச் சுருதிக்கு, சட்ஜமம் பஞ்சமமாகத் திருகி வைத்துக்கொண்டேன். கோயிலில் மைக் செட் பெட்டி இருக்கிறது, வீட்டில் ஸ்பீக்கர் ஏது? ஒரு நாள் கிட்டாரின் விளிம்பு தற்செயலாகப் பீரோவில் பட்டது. பீரோ முழுக்கப் பாட ஆரம்பித்துவிட்டது! அன்றிலிருந்து பீரோதான் என் ஸ்பீக்கர். அதற்கு மேல் இருந்த எவர்சில்வர் தூக்குகள் தாளம் போட்டன.

"பீரோக்குள்ள இருக்க பட்டுச்சேலைகூட ஆடுது," என்று அடுப்படியிலிருந்து சத்தம் வரும்.

விரல் நுனிகள் கொப்புளித்தன. கொப்புளம் உடைந்த கையோடு மிளகாய் அரைக்கப் போனேன் பாருங்கள், மில்லில் நான் ஆடிய ஆட்டத்தை வேப்பிலை பிடித்துச் சாமியாடுகிறவர்கள்கூட ஆடியிருக்க மாட்டார்கள். ஆனாலும் கையை ஊதிக்கொண்டே வீட்டுக்கு ஓடி வந்து மறுபடியும் அதைத்தான் எடுத்தேன்.

விரல் வைக்கும் இடம்தான் பிடிபடவில்லை. மயிரிழை தள்ளினால் சரிகமா எல்லாம் கோணிக்கொள்ளும். அதற்கு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். தம்புராவோடு ஒவ்வொரு சுவரமாகச் சேர்த்துப் பார்த்து, சேர்ந்த இடத்துக்கு நேரே, கழுத்தின் பக்கவாட்டில், எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி குங்குமத்தால் ஒரு சின்னப் பொட்டு வைத்தேன். மேலே போகப் போகப் பொட்டுகள் நெருங்கி வரும். ஏன் நெருங்குகின்றன என்று எனக்குத் தெரியாது. காது சொன்னது, வைத்தேன். பொட்டைப் பார்த்து விரலை வைத்தால் சுவரம் பேசியது. ஒரு நாமாவளி முழுக்க வந்துவிட்டது. மச்சான் கட்டியதுதான், முன்பெல்லாம் அதை நான்தான் எடுப்பேன்.

கிருத்திகை வந்தது. அன்றைக்கென்று மில்லில் கூட்டம். இருட்டுவதற்குள் ஓடி வந்து, குளித்து, திருநீறு பூசி, வீட்டில் தயாராக இருந்த கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வண்டியில் பறந்தேன். மனைவி முன்னமே கோயிலுக்குப் போயிருந்தாள்.

கோயிலில் டோலக் வாசிக்கிற தம்பி என் ஒயரை மைக் செட்டில் செருகிக் கொடுத்தான். அவன் தேங்காய் வியாபாரி, வாய் சும்மா இருக்காது. "அண்ணே, ஒலக்கைக்குக் கரண்டு குடுத்தது நீங்கதாண்ணே," என்றான். குருக்கள் தீபாராதனை காட்டி முடித்ததும் மச்சான் அந்த நாமாவளியை எடுத்தார். முதல் சட்ஜமம், விரல் வைக்கத் தேவையில்லாத வெறுந்தந்தி. தொட்டேன். கோயில் முழுக்க நிறைந்தது. அடேயப்பா, முன்னால் இருந்தவர்கள் தரை அதிர்கிறதா என்று குனிந்து பார்த்தார்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை.

இரண்டாவது சுவரத்துக்குப் பொட்டைப் பார்த்து விரலை வைத்தேன். கோணியது.

ஆர்மோனியம் தப்புகிறதோ என்று நினைத்தேன். முருகா, அந்த நினைப்புக்கு என்னை மன்னித்துவிடு. பொட்டின் மேல் இன்னும் அழுத்தி, இன்னும் பலமாகவே சுண்டினேன். இன்னும் பலமாகக் கோணியது. சனம் பாடிய பின்பாட்டு சரிந்தது. அடுத்த வரிக்கு இரண்டொருவர் குரல்தான். மச்சான் பாடிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை.

குனிந்து கழுத்தைப் பார்த்தேன். பொட்டுகள் புதுசாக, குண்டு குண்டாக, சந்தனத்துக்கு மேல் குங்குமமாக ஜொலித்தன. பூச்சரம் தொடுத்த மாதிரி ஒரே அளவு இடைவெளி. நிமிர்ந்தேன். பெண்கள் பக்கத்தில் என் மனைவி, பார்த்தீர்களா என்பது போல முகமெல்லாம் சிரிப்பாக உட்கார்ந்திருந்தாள்.

புரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை தோறும் நிலைப்படி, மில் மோட்டார், தராசு, வண்டி என்று எல்லாவற்றையும் துடைத்துப் புதுப்பொட்டு வைக்கிறவள். சாமி முன்னால் போகிற பொருளை அழுக்குப் பொட்டோடு அனுப்புவாளா? துடைத்துவிட்டு அழகாக, வரிசையாக வைத்திருக்கிறாள்.

அந்த நேரத்தில் என்ன செய்வது? கையை எடுத்துவிடலாம். எடுத்தால் நாளை முதல் பீரோதான் எனக்குக் கோயில். கண்ணை மூடினேன். முருகா, அடையாளமெல்லாம் போச்சு, நீயே இழுத்துக்கொள் என்று விரலைத் தந்தியில் அழுத்தியபடியே மெல்ல நகர்த்தினேன். கோணல் குறைந்தது. இன்னும் கொஞ்சம். ஆர்மோனியமும் நானும் ஒன்றாகி, எது எவருடைய ஒலி என்று தெரியாமல் போனது. குறுக்கே கம்பி இருந்திருந்தால் தப்பு தப்பாகவே நின்றிருக்கும். இங்கே தப்பிலிருந்து சரிக்கு நடந்து போக வழி இருந்தது. அப்படி நடந்ததே கேட்பவர்களுக்கு ஒரு குழைவாகக் கேட்டிருக்கிறது.

"அப்புடிப் போடுங்கண்ணே!" என்றான் டோலக் தம்பி.

அதன் பிறகு நான் கண்ணைத் திறக்கவில்லை. ஒவ்வொரு சுவரத்துக்கும் கொஞ்சம் கீழே விரலை வைத்து, சேரும் இடத்துக்கு இழுத்துப் போனேன். அவர்கள் மேல்ஸ்தாயியில் பாடப் பாட, நான் கீழ்ஸ்தாயியில் தாங்கினேன். பின்பாட்டு திரும்ப எழும்பியது. பாட்டு முடிந்து "அரோகரா" போட்டபோது என் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

ஒரு பாட்டு என்பதுதான் பேச்சு. கிட்டாரை மடியிலிருந்து இறக்கப் போனேன்.

"எங்கிட்டு எறக்குற?" என்றார் மச்சான். அவர் கை ஆர்மோனியக் கட்டைகளை விட்டிருந்தது. சுருதி மட்டும் ஓடியது. "அடுத்ததை நீ எடு."

"நானா? எப்புடி மச்சான், தொண்டை..."

"தொண்டைய யாரு கேட்டா? கையால எடு."

எல்லோருக்கும் தெரிந்த பழைய வேல் பாட்டு ஒன்றின் முதல் வரியை வாசித்தேன். வாசித்து நிறுத்தினேன். சனம் திருப்பிப் பாடவில்லை. வார்த்தை இல்லாமல் வந்த வரிக்கு எப்படிப் பின்பாட்டுப் பாடுவது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. டோலக்கும் நின்றது. சுருதிப் பெட்டி மட்டும் மூச்சுவிட்டது. மறுபடியும் அதே வரியை, இன்னும் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக வாயில் எடுத்துக் கொடுப்பது போல வாசித்தேன்.

பெண்கள் பக்கத்திலிருந்து ஒற்றைக் குரல் அந்த வரியைத் திருப்பிப் பாடியது. என் மனைவி. அவள் தனியாகப் பாடி நான் கேட்டதே இல்லை. பாதி வரியில் பக்கத்துப் பெண்கள் சேர்ந்தார்கள். வரி முடிவதற்குள் கோயில் முழுக்கச் சேர்ந்துகொண்டது.

இரண்டாவது வரியை எடுத்தேன். இந்தத் தடவை யாரும் காத்திருக்கவில்லை. மச்சான் ஆர்மோனியத்துக்குக் காற்றை மட்டும் விட்டுக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பின்பாட்டுப் பாடினார். நான் மூன்றாவது வரிக்குப் போனேன்.